ரிப்போர்ட் இழுத்தாச்சு, கேஸ் இழுக்குது

காப்பாரிலிருந்தும் மேருவிலிருந்தும் என்னைத் தேடி வரும் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் வாரத்தின் நடுவில்தான் வருவார்கள். சனிக்கிழமை இரவு கல்யாண மண்டபத்திலோ பிறந்தநாள் கூடாரத்திலோ கைகலப்பு. நள்ளிரவில் கிள்ளான் பெரியாஸ்பத்திரியில் தையல். ஞாயிறு காலை போலீஸ் ரிப்போர்ட். திங்கட்கிழமை பையனைப் பிடித்துத் தடுப்புக் காவலில் வைத்துவிடுவார்கள். அதற்குள் இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். புதன்கிழமை என் அறைக்குள் வரும்போது அழுகையெல்லாம் ஓய்ந்து, ஒருவித நிம்மதியோடுதான் வருவார்கள்.

"லோயர் சார், நாங்க பேசி முடிச்சிட்டோம். ரிப்போர்ட்ட தாரிக் பாலிக் பண்ணியாச்சு. இனிமே ஒண்ணும் இல்லதானே?"

இருக்கிறது என்று சொல்வதுதான் பெரும்பாலும் என் முதல் வேலை. அதைச் சொன்னதும் முகம் மாறும். அடிபட்டவரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், நெற்றியில் பிளாஸ்திரியோடு. "அடி வாங்குனவன் நான். நானே வேணாங்கிறேன். அப்புறம் யாருக்கு சார் கேஸு?" என்பார். நியாயமான கேள்வி. கிள்ளான் வட்டாரத்தில் குற்ற வழக்கு பார்க்கிற எந்த வழக்கறிஞரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுளைக் கழிக்கிறார்.

ரிப்போர்ட் கொடுத்தவர் சட்டத்தின் கண்ணில் ஒரு சாட்சி, அவ்வளவுதான். விசாரணை அதிகாரி தயாரிக்கும் கோப்பு துணை அரசு வழக்கறிஞரிடம், அதாவது நாங்கள் டி.பி.பி. என்று சொல்பவரிடம் போகும். குற்றம் சாட்டுவதா, எந்தப் பிரிவில், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் கையில். அவருடைய அதிகாரம் மேலேயிருந்து வருகிறது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 145(3) பிரிவு வழக்கைத் தொடங்கவும் நடத்தவும் நிறுத்தவும் உள்ள உரிமையைச் சட்டத்துறைத் தலைவருக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே இரண்டாவது தடவை போலீஸ் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுக்கும் 'தாரிக் பாலிக்' ரிப்போர்ட், அதாவது புகாரைத் திரும்பப் பெறும் ரிப்போர்ட், அந்தக் கோப்பில் இன்னொரு தாளாகச் சேரும். கோப்பை மூடும் சக்தி அதற்குக் கிடையாது.

எங்கள் பெற்றோர் தலைமுறைக்கு இது புரியாததில் வியப்பில்லை. தோட்டத்தில் அவர்கள் பார்த்த நியாயம் வேறு. கள்ளுக்கடையில் மண்டை உடைந்தால் ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடும். மண்டோர், கோயில் தலைவர், வயதில் மூத்த இரண்டு பேர் உட்காருவார்கள். குற்றவாளி கோயிலுக்கு அபராதம் கட்டி, வெற்றிலை பாக்கு வைத்து, அடிபட்டவன் காலில் விழுந்தால் முடிந்தது. மலாயா தோட்டங்களில் பஞ்சாயத்து நடந்த விதத்தை மானுடவியல் அறிஞர் ரவீந்திர ஜெயின் 1970-இல் வெளியான தன் நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அதில் எல்லாமே நல்லதாக இருந்ததில்லை. மண்டோருக்கு வேண்டியவனுக்கு அபராதம் குறையும், சாதி பார்த்து வெற்றிலை நீளும். ஆனால் ஒன்று உண்டு: பஞ்சாயத்து முடிந்தால் விஷயம் முடிந்தது. மறுநாள் காலைப் பெரட்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரைக்குப் போவார்கள்.

தோட்டங்கள் துண்டாகித் தாமான்களாயின. லயத்து மக்கள் குறைந்த விலை அடுக்குமாடிகளுக்கும் தரை வீடுகளுக்கும் போனார்கள். மண்டோர் போய்விட்டார். பஞ்சாயத்து பேசும் பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் ஒரு மாமாவோ கோயில் செயலாளரோ அரசியல் கட்சிக்காரர் யாராவது ஒருவரோ நடுவில் நின்று பேசி முடிக்கிறார்கள். அண்டை அயலார் தகராறுகளைப் பேசித் தீர்ப்பதை ருக்குன் தெத்தாங்கா சட்டம் 2012-இல் ஒரு பணியாகவே ஏற்றுக்கொண்டது. அதே 2012-இல் வந்த சமரசப் பேச்சுச் சட்டமோ, குற்ற வழக்குகளுக்குத் தான் பொருந்தாது என்று பின்னிணைப்பில் எழுதிவிட்டது. ஆக, மாமா பேசி முடித்த சமாதானத்தை நீதிமன்றம் ஏற்கும் ஓர் உத்தரவாக மாற்ற வேண்டும். என் தொழிலின் கணிசமான பகுதி இந்த மாற்றும் வேலைதான்.

நேரான வழி ஒன்று உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 260-ஆவது பிரிவு. தண்டனைச் சட்டத்தில் எந்தெந்தக் குற்றங்களைப் பாதிக்கப்பட்டவரே சமாதானத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு பட்டியல்கள் அதில் இருக்கின்றன. யார் முடித்துக்கொள்ளலாம் என்பதும் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும்: அடிபட்டவர், வீட்டுக்குள் அத்துமீறப்பட்டவர், அவதூறுக்கு ஆளானவர். 323-இல் வரும் சாதாரண அடி, சொத்தைச் சேதப்படுத்துவது, அத்துமீறி நுழைவது போன்றவை இந்த வரிசையில் சேர்ந்தவை. குற்றச்சாட்டு நீதிமன்றம் ஏறியிருந்தால் மாஜிஸ்திரேட்டின் இசைவு வேண்டும். இசைவு கிடைத்து முடித்துக்கொண்டால் அதன் விளைவு முழு விடுதலை. இதுதான் இதில் அருமை. பிறகு யாரும் அந்தக் குற்றச்சாட்டைத் திரும்ப எடுக்க முடியாது.

மாஜிஸ்திரேட் இசைவு கொடுப்பதைச் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். புகார்தாரரைக் கூண்டுக்கு அருகே நிற்க வைத்து, மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்பார்: யாராவது மிரட்டினார்களா? பணம் வாங்கினீர்களா, எவ்வளவு? காயம் ஆறிவிட்டதா? இப்போது இருவரும் ஒரே இடத்தில் வசிக்கிறீர்களா? நல்ல மாஜிஸ்திரேட் என்றால் பதிலைவிட, பதில் சொல்லும் முன் அந்த ஆள் யாரைத் திரும்பிப் பார்க்கிறார் என்பதைக் கவனிப்பார். பணம் வாங்கியதை மறைக்கும்படி நான் ஒருபோதும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத நாள்களின் கூலி, உடைந்த கைப்பேசி என்று கணக்கெழுதி, ரசீதோடு கொடுத்தால் மாஜிஸ்திரேட்டுக்கு அது ஆறுதல். மொத்தமாக ஒரு தொகை, காரணம் இல்லாமல் கைமாறியிருந்தால்தான் அவர் பேனாவைக் கீழே வைப்பார்.

ஆனால் சனிக்கிழமை இரவில் அடிக்கிறவன் பட்டியலைப் பார்த்து அடிப்பதில்லை. கையால் குத்தினால் 323. அதிகபட்சம் ஓர் ஆண்டு சிறை, அல்லது 2,000 ரிங்கிட் அபராதம், அல்லது இரண்டும். அதே கையில் பீர் பாட்டில் இருந்தால் 324. அதற்குப் பத்தாண்டு வரை சிறை, கூடவே பிரம்படிக்கும் இடம் உண்டு. மேசையிலிருந்த பாட்டில் கைக்கு எட்டியதா இல்லையா என்பதில் ஒருவனுடைய வாழ்க்கை ஒன்பது ஆண்டு அளவுக்கு அகன்றுவிடுகிறது. பாராங் கத்தி என்றால் சொல்லவே வேண்டாம். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு நான்கு மோட்டார் சைக்கிளில் போயிருந்தால் கலவரப் பிரிவுகளான 147, 148 வந்து உட்காரும். அவை பொது அமைதிக்கு எதிரான குற்றங்கள். அடிபட்டவர் கோயிலில் கற்பூரம் அடித்து மன்னித்தாலும் பொது அமைதியின் சார்பில் அவரால் மன்னிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் டி.பி.பி.-க்குக் கடிதம் எழுதும் கலை வருகிறது. ரெப்ரசென்டேஷன் என்போம். வழக்கைக் கைவிடும்படியோ, 324-ஐ 323-க்கு இறக்கும்படியோ கேட்டு எழுதுவது. இறக்கிவிட்டால் 260-இன் வாசல் அகலமாகத் திறக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் என் சீனியர் இந்தக் கடிதங்களை மூன்று பக்கத்துக்கு மேல் போக விடமாட்டார். "அவரு மேசையில இந்த மாதிரி ஒரு அடுக்கு கிடக்கு. உன்னோடது மட்டும் எதுக்குப் பிரிச்சுப் படிக்கணும்னு முதல் பக்கத்துலயே சொல்லு" என்பார். முதல் பக்கத்தில் நான்கு விஷயம் வேண்டும்: காயம் என்ன, மருத்துவ அறிக்கை என்ன சொல்கிறது, பையனுக்கு முன்குற்றம் உண்டா, அடிபட்டவர் இன்று என்ன சொல்கிறார். குடும்பத்தின் வறுமை, தாயின் நீரிழிவு, தங்கையின் படிப்பு எல்லாம் கடைசிப் பக்கத்தில், அதுவும் சுருக்கமாக. வறுமை இல்லாத வீட்டிலிருந்து யாரும் அந்தக் கடிதத்தை எழுதுவதில்லை என்பது டி.பி.பி.-க்கும் தெரியும்.

கடிதத்தோடு அடிபட்டவரின் சத்தியப் பிரமாணம் இணைக்கப்படும். வழக்கறிஞரின் கவனம் எல்லாம் இந்த ஒரு தாளில்தான் இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் தாமே எழுதிக் கொண்டுவரும் தாள்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். "முதல் ரிப்போர்ட்டில் சொன்னது பொய். அவர் என்னை அடிக்கவே இல்லை. நான் படியில் வழுக்கி விழுந்தேன்" என்று இருக்கும். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் பொய்யான தகவலைப் போலீசுக்குக் கொடுப்பது தண்டனைச் சட்டத்தின் 182-ஆவது பிரிவின்படி குற்றம். அடித்தவனைக் காப்பாற்றப் போய் அடிபட்டவர் குற்றவாளியாவார். தையல் போட்ட டாக்டரின் அறிக்கை படிக்கட்டுக் கதையை நம்ப விடாது. அதோடு அடிபட்டவர் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவின்கீழ் போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் கோப்பில் இருக்கிறது. சாட்சிக் கூண்டில் ஏறிப் பல்டி அடித்தால் அதை எடுத்து நீட்டுவார்கள்.

நான் சொல்வது இது: நடந்ததை நடந்தது என்றே எழுதுங்கள். அடித்தார், வலித்தது, தையல் போட்டார்கள். இப்போது மன்னிப்புக் கேட்டார், செலவைக் கொடுத்தார், நாங்கள் ஒரே தாமானில் வாழ்கிறோம், வழக்கைத் தொடர எனக்கு விருப்பமில்லை, இதை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உண்மை எழுதிய தாளுக்குத்தான் டி.பி.பி.-யிடம் மரியாதை. பெரியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். "அடிச்சான்னே எழுதுனா எப்படி சார் விடுவாங்க?" விடுவார்கள், பல நேரம்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. குற்றத்தை மறைக்கப் பணம் வாங்குவது 213, கொடுக்க முன்வருவது 214. இரண்டும் தண்டனைச் சட்டத்திலேயே குற்றங்கள். சட்டப்படி சமாதானமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 24-ஆவது பிரிவிலும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: கொள்ளை வழக்கைக் கைவிடுகிறேன் என்று ஒருவர் சொல்ல, எடுத்ததன் மதிப்பைத் திருப்பித் தருகிறேன் என்று மற்றவர் சொன்னால், அந்த ஒப்பந்தம் செல்லாது. பணம் கொடுத்தவன் அதை நம்பி நீதிமன்றம் போக முடியாது. ஒரு மாமா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பாராங் வழக்கில் உறையில் பணம் வைத்து நீட்டும்போது எந்தப் பிரிவின் மேல் நின்றுகொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பேச்சு நடக்கும்போது நான் அறையில் இருப்பதில்லை. சிகிச்சைச் செலவை ஈடுகட்டுவது வேறு, வாயைக் கட்டுவது வேறு. கோடு மெல்லியதுதான். ஆனாலும் அது இருக்கிறது.

டி.பி.பி. மனம் இரங்கினால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254-ஆவது பிரிவின்படி நீதிமன்றத்தில் எழுந்து, இந்தக் குற்றச்சாட்டை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்பார். அதன் பிறகு மாஜிஸ்திரேட்டால் வழக்கை நடத்த முடியாது. ஆனால் எப்படி முடிப்பது என்பதில் அவருக்கு ஒரு சிறிய, விலைமதிப்பற்ற அதிகாரம் மிச்சமிருக்கிறது. அந்தப் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி, இப்படி விடுவிப்பது விடுதலை ஆகாது என்கிறது. டி.என்.ஏ.ஏ. எனப்படுவது இதுதான். ஆள் வீட்டுக்குப் போகலாம், ஜாமின் பணம் திரும்பும், ஆனால் அதே குற்றச்சாட்டு நாளை மறுபடி வரலாம்.

இந்த நான்கு எழுத்துகள் முன்பு எங்களுக்குள் மட்டும் புழங்கின. இப்போது காப்பார் சாப்பாட்டுக் கடைகளிலும் பேசுகிறார்கள். 2020 மே மாதத்தில், முன்னாள் பிரதமர் நஜிப்பின் மனைவியின் மகன் ரிசா அசிஸ் மீதிருந்த ஐந்து சட்டவிரோதப் பணமாற்றுக் குற்றச்சாட்டுகளுக்கு டி.என்.ஏ.ஏ. கொடுத்தார்கள். வெளிநாட்டுச் சொத்துகளைத் திருப்பித் தர அவர் ஒப்புக்கொண்டதாகவும், அதன் மதிப்பு ஏறக்குறைய 107.3 மில்லியன் அமெரிக்க டாலர் என்றும் அப்போது ஊழல் தடுப்பு ஆணையம் சொன்னது. அரசாங்கமே ஒரு தரப்பாக நின்று செய்துகொண்ட சமாதானம் என்று அதைச் சொல்லலாம். 2023 செப்டம்பர் 4-ஆம் தேதி துணைப் பிரதமர் அமாட் சாஹிட் ஹமிடி அரசுத் தரப்பின் விண்ணப்பத்தின்பேரில் 47 குற்றச்சாட்டுகளில் டி.என்.ஏ.ஏ. பெற்றார். அதற்கு அடுத்த வாரம் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "அவருக்கு நாப்பத்தேழு போச்சு. எம் மவனுக்கு ஒண்ணே ஒண்ணுதானே சார்?"

எண்ணிக்கையில் அவர் சொன்னது சரி. அவர் மகனுக்கும் அதே டி.என்.ஏ.ஏ.-தான் கிடைக்க இருந்தது. ஆனால் பெரிய இடத்து ஆளுக்கு டி.என்.ஏ.ஏ. போதும், அவரால் அதோடு வாழ முடியும். துறைமுகத்தில் வேலைக்கு மனுப்போடும் பையனால் முடியாது. பாதுகாவலர் வேலைக்கு உள்துறை அமைச்சின் சோதனை, சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ வேலை என்றால் விஸ்மா புத்ராவின், அதாவது வெளியுறவு அமைச்சின், நன்னடத்தைச் சான்றிதழ். "உங்கள்மீது வழக்கு ஏதும் உண்டா?" என்ற கட்டத்தில் அவன் என்ன எழுதுவான்? இல்லை என்றால் பொய். உண்டு என்றால் வேலை இல்லை. ஆகவே அந்த நாளில் நான் உட்காராமல் நின்றுகொண்டே வாதாடுவேன். புகார்தாரர் சமாதானமாகிவிட்டார், இனி சாட்சி சொல்லவும் விருப்பமில்லை என்கிறார், அரசுத் தரப்பு மறுபடி குற்றம் சாட்டுவதற்கான காரணம் எதையும் காட்டவில்லை, எனவே முழு விடுதலை வேண்டும். காரணமின்றிக் குற்றச்சாட்டை ஒருவர் தலைக்குமேல் தொங்கவிடக்கூடாது என்று நம் மேல் நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகின்றன. சில நாள் கிடைக்கும். சில நாள் டி.பி.பி. "மேலிடத்து உத்தரவு டி.என்.ஏ.ஏ. மட்டும்தான்" என்று நின்றுவிடுவார், மாஜிஸ்திரேட்டும் அதோடு போய்விடுவார். குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். நான் மட்டும் நகலை எடுத்து, எந்த வரி இருக்கிறது என்று பார்ப்பேன்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தொழில் செய்யும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அங்கே எங்களைப்போல் டி.பி.பி.-யின் வாசலில் காத்திருக்க வேண்டாம். பட்டியலில் இல்லாத குற்றமாக இருந்தாலும் இரு தரப்பும் கூட்டாகச் சமரச மனுப்போட்டு, உயர் நீதிமன்றத்திடம் வழக்கையே ரத்து செய்யும்படி கேட்கலாம். நீதிபதி முன்னால் இருவரும் நேரில் வர வேண்டும், அடையாள அட்டை பார்ப்பார்கள், போலீசார் ஆளை உறுதிப்படுத்துவார்கள், சில நேரம் ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் கட்டச் சொல்லி வழக்கை முடிப்பார்கள். 2003-இல் பி.எஸ். ஜோஷி வழக்கில் மணவாழ்க்கைத் தகராறுக்கு இந்த வழியை உச்ச நீதிமன்றம் திறந்தது. அது சரிதானா என்ற ஐயம் எழுந்து, 2012 செப்டம்பர் 24 அன்று கியான் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. பட்டியல்படி முடித்துக்கொள்வது ஒன்று, நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் வழக்கை ரத்து செய்வது இன்னொன்று என்றார்கள். வணிகம், பணம், குடும்பம் போன்ற உரிமைத் தகராறின் சாயல் உள்ளவற்றுக்குச் சமரசம் போதும். கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்றவற்றுக்கு ஆகாது. இப்போது அந்த அதிகாரம் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 528-ஆவது பிரிவாக இருக்கிறது.

நம் நடைமுறைச் சட்டமும் இந்தியச் சட்டத்தின் வழிவந்ததுதான். அங்கே 1923-இல் சேர்த்த 561-ஏ பிரிவு பின்னாளில் இவ்வளவு பெரிய மரமாயிற்று. இங்கே சமாதானத்தின் பெயரில் வழக்கை ரத்து செய்யும் அளவுக்கு நீதிமன்றங்கள் போனதில்லை. சட்டத்துறைத் தலைவரின் விருப்புரிமையும் நீதிமன்றச் சீராய்வுக்கு முற்றிலும் அப்பாற்பட்டதல்ல என்று 2021-இல் சுந்தர ராஜூ வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது பெரிய திருப்பம். ஆனால் சுந்தர ராஜூ ஆசிய அனைத்துலக நடுவர் மையத்தின் இயக்குநராக இருந்தவர். பாட்டில் வழக்கில் சிக்கிய லோரி அட்டெண்டண்ட் நீதிச் சீராய்வுக்கு மனுப்போட மாட்டான், போடக் கையில் காசும் இல்லை. என்னைக் கேட்டால், தையல் அளவிலான காயங்களுக்காவது சமாதானத்தை ஏற்று வழக்கை முடிக்கும் அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டிடமே கொடுத்துவிடலாம். அடிபட்டவரை நேரில் பார்ப்பவர் அவர்தான். டி.பி.பி. பார்ப்பது என் கடிதத்தை.

இப்படிச் சொல்லும்போது எனக்கே ஒரு தயக்கம் வரும். 2015-இல் கடலூர் வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், பாலியல் வன்கொடுமைக்குத் தண்டனை பெற்றவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக ஜாமின் கொடுத்தார். நாடே கொந்தளித்தது. உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், இத்தகைய குற்றத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கடுமையாகச் சொன்னது. அந்த ஜாமின் உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. இங்கேயும் அப்படிக் கதை உண்டு. 2016-இல் கூச்சிங்கில், பதினான்கு வயதுச் சிறுமியைக் கற்பழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் அவளையே மணந்துகொண்டார், அவள் புகாரைத் திரும்பப் பெற்றாள், நீதிமன்றம் டி.என்.ஏ.ஏ. கொடுத்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் சபாவில் இதேபோன்ற ஒரு திருமணம் நடந்தும் அரசுத் தரப்பு விடவில்லை. வழக்கை நடத்தியது, தண்டனையும் வாங்கியது. சபாவில் டி.பி.பி.-யின் பிடிவாதம்தான் அந்தப் பெண்ணுக்குக் காவல். நான் குறை சொல்லும் அதே பிடிவாதம்.

குடும்ப வன்முறை வழக்குகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மனைவியை அடித்தால் தண்டனைச் சட்டத்தின் 326ஏ பிரிவு தண்டனையின் உச்ச அளவை இரட்டிப்பாக்குகிறது. ஆகவே கணவன் வீட்டார் விரைவாகவே சமாதானத்துக்கு வருவார்கள். அறை நிறைய மாமாக்கள். நடுவில் அந்தப் பெண், தலை குனிந்தபடி. "தங்கச்சி மன்னிச்சிருச்சு சார்" என்று அவள் அண்ணன் சொல்வார். தங்கச்சி வாயைத் திறப்பதில்லை. நான் கணவனின் வழக்கறிஞர், அவளுக்கு நான் ஆலோசனை சொல்ல முடியாது. சொல்வதும் தவறு. அவளுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரை, முடியாவிட்டால் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள பெண்கள் உதவி அமைப்பைப் பார்க்கச் சொல்வேன். மாமாக்களுக்கு என்மேல் கோபம் வரும். பீஸ் வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்கு ஆள் தேடுகிறானே என்று.

அப்படி ஒரு வழக்கில் டி.பி.பி. அந்தப் பெண்ணைத் தனியறையில் உட்காரவைத்துப் பேசினார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து என்னிடம், "உங்க ரெப்ரசென்டேஷன் நிராகரிக்கப்படுது" என்றார். காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதுமில்லை. என் கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நன்னடத்தைப் பிணையில் வெளியே வந்தார். மறுபடி கை நீட்டினால் அந்தப் பிணை முறியும், தண்டனைக்கு அழைப்பார்கள். தோற்ற வழக்குதான். ஆனாலும் மாமாக்கள் எழுதிக் கொண்டுவந்த தாளைவிட அந்தப் பெண்ணுக்குப் பயன்படும் தாள் அதுதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். மாஜிஸ்திரேட்டிடம் அதிகாரத்தைக் கொடு என்று கேட்கும்போது, இந்தத் தனியறையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இப்போது என் மேசையில் ஒரு 324 இருக்கிறது. சுங்கை காப்பார் இண்டாவில் எதிரெதிர் வீடு. கார் நிறுத்தும் இடத்தில் தொடங்கி ஹெல்மெட்டில் முடிந்த சண்டை. கடிதம் ஷா ஆலாமுக்குப் போய்விட்டது, பதில் வரவில்லை. வழக்கு அடுத்த மாதத்துக்கு மென்ஷன். இதற்கிடையில் அடிபட்டவரின் மகள் பெரியவளாகி, சடங்குக்கு அடித்தவர் குடும்பமே பந்தல் போட்டிருக்கிறது. நேற்று இருவரும் சேர்ந்தே என்னைப் பார்க்க வந்தார்கள். அடிபட்டவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"சார், டேட் அன்னைக்கு கிள்ளான்ல பார்க்கிங் கிடைக்காது. ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்துறலாம்னு பாக்குறோம். பரவாயில்லதானே?"

கோப்பைத் திறந்து ஜாமின் உத்தரவைக் காட்டினேன். புகார்தாரரை நேரடியாகவோ பிறர் மூலமாகவோ அணுகக்கூடாது என்று இரண்டாவது நிபந்தனை. பந்தல் போட்டதே அதன்படி மீறல்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிபந்தனையைத் தளர்த்த மனுப்போடுகிறேன், உத்தரவு வரும்வரைக்கும் இரண்டு கார் என்றேன். அடித்தவர் இதுவரை ஒன்றும் பேசாமல் இருந்தவர், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, "அப்ப இப்ப நாங்க ஒண்ணா வந்தது, சார்?" என்றார்.

அடுத்த வாரம் ஆளுக்கொரு நாளாக வரச் சொல்லி அனுப்பினேன்.